மணியடிக்க வராத பசு

காய்ந்த இலையைக் கண்ணால் பார்த்து விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ராயகிரி அண்ணாச்சி மூக்கால் சொல்வார். சாக்கைப் பிரிக்கும்போதே, ‘இது ஈரத்தோட குவிச்சு வச்ச இலை, உள்ள வெந்திருக்கு, வேண்டாம்’ என்று எழுந்துவிடுவார்.

அந்த மூக்கால்தான் அவருக்கு வினை வந்தது.

இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எனவே யாரென்று தேடாதீர்கள். ‘நம்ம வீட்டில் நடந்தால் என்ன செய்வோம்’ என்று மட்டும் யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ராயகிரி, சிவகிரிக்குப் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. 2019 வரை நெல்லை மாவட்டம். இப்போது தென்காசி. மலைப் பக்கம் எலுமிச்சையும் தென்னையும். கிழக்கே சங்கரன்கோவில் தாண்டிப் போகப் போகக் கரிசல் காடு. அந்தக் கரிசல் சீமையில் மானாவாரியாக விளைகிற நிலாவாரைதான் அண்ணாச்சியின் வியாபாரம். ‘டின்னவேலி சென்னா’ என்று உலகச் சந்தையில் பெயர். மலச்சிக்கல் மருந்து. ஐரோப்பாவில் ஒருவர் காலையில் நிம்மதியான முகத்தோடு குளியலறையைவிட்டு வெளியே வருகிறார் என்றால், அதில் நம்ம கரிசல் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்!

நிலாவாரையில் விதைப்பது பெரிய வேலை இல்லை. காயவைப்பதுதான் வேலை. பறித்த இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சுள்ளென்ற வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். குவித்து வைத்தால் கறுத்துவிடும். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த நிறம் வரும்வரை கிளறிக்கொடுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவனுக்கு இந்தத் தொழில் ஆகாது என்பார் அண்ணாச்சி. அவருடைய ஒரே வருத்தம், இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் 23 வயது மகனுக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதுதான்.

ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு போன் செய்தார். எட்டு வயது மூத்தவர். இருந்தாலும் என்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார்.

“தம்பி, தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனேன். கதவைத் தொறந்ததும் ஒரு வாசனை. நம்ம சரக்கு இல்லைன்னு மூக்கு சொல்லிட்டு. உள்ள கொடியில கட்டித் தொங்கவிட்டிருக்கான். பக்கத்துல மூணு கண்ணாடி பாட்டில். ரெண்டு நிறைஞ்சிருக்கு. ஒண்ணு காலி.”

“என்ன அண்ணாச்சி அது?”

“கஞ்சா.”

எலுமிச்சை மரங்களுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல், மகன் இரண்டு செடி வளர்த்திருக்கிறான். அறுத்து, காயவைத்து, பாட்டிலில் அடைத்தும் விட்டான்.

அண்ணாச்சி அடுத்துச் சொன்னதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

“உங்ககிட்ட மறைக்கமாட்டேன் தம்பி. மொதல்ல எனக்குக் கோவம் வரலை. ஒண்ணை எடுத்து நொறுக்கிப் பாத்தேன். ‘பய நல்லாக் காயப்போட்டிருக்கானே’ன்னுதான் தோணுச்சு. நிழலு, காத்து, பக்குவம், எல்லாம் சரியா இருக்கு. இத்தனை வருஷம் நான் சொல்லி வராத பொறுமை இதுக்கு வந்திருக்கு பாருங்க. அப்புறந்தான் வெக்கமா இருந்தது. படியில உக்காந்துட்டேன்.”

மகனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். “என்னலே இது?”

மகன் பயப்படவில்லை. வாதம் செய்தான். ‘நான் விக்கலைப்பா. யார்கிட்டயும் காசு வாங்கலை. யாரையும் அடிக்கலை, திருடலை. நம்ம தோட்டம், என் செடி, என் உடம்பு. கனடாவுல வீட்டுக்கு நாலு செடி வளக்கலாம். ஜெர்மனியில மூணு. அங்க தப்பில்லாதது இங்க மட்டும் எப்படித் தப்பாகும்? காசியில பாங் கடையே இருக்கு.’

‘படிச்ச பய, பதில் சொல்லத் தெரியலை. நீங்க சொல்லுங்க’ என்றார் அண்ணாச்சி.

எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் பையன் சொன்ன தகவல்களில் பொய் இல்லை. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்தும், ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்தும் அப்படித்தான் சட்டம். தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2018-ல், வயது வந்தவர் தனிப்பட்ட இடத்தில் தனக்காக வளர்த்துப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்கம் என்று தீர்ப்பு சொன்னது. நம் நாட்டில், பூவும் காயும் சேராத வெறும் இலை சட்டத்தின் கண்ணில் கஞ்சா அல்ல. அதனால்தான் சில வட மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங் கடைகள் இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. 1893-ல் பிரிட்டிஷ் அரசு, இந்தியாவில் கஞ்சாப் பழக்கம் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, அளவோடு பயன்படுத்தினால் பெரிய கெடுதி இல்லை, அளவு மீறினால் கெடுதி, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். இன்று வங்கதேசத்தில் இருக்கும் நவ்காவ் பகுதியில் உரிமம் வாங்கிய விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். பக்குவம் செய்த சரக்கு அரசின் கண்காணிப்பில் கிடங்குக்குப் போனது. அப்போது அது குற்றம் அல்ல, வருமானம்!

அந்தச் செடி 1985-ல்தான் நாடு முழுக்கக் குற்றமானது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. நான் படித்தது பி.காம். வணிகச் சட்டம் என்ற ஒரு தாளைத் தாண்டி எனக்குச் சட்டம் தெரியாது. எனவே ஒரு வக்கீல் நண்பரிடம் உட்கார்ந்து கேட்டேன். சில விஷயங்கள் தூக்கிவாரிப் போட்டன.

ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா வைத்திருந்தால் அது ‘சிறிய அளவு’. ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் செடி வளர்த்தால்? பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இதில் சிறிய அளவு, பெரிய அளவு என்ற கணக்கே இல்லை. ஒரு செடியானாலும் அதே பிரிவுதான். காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவனைவிடத் தானே வளர்ப்பவன் பெரிய குற்றவாளி. வளர்ப்பதும் காயவைப்பதும் கைதவறி நடக்கிற காரியங்கள் இல்லை, மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் யோசித்துச் செய்கிற காரியங்கள் என்று சட்டம் நினைக்கிறதோ என்னவோ!

அடுத்து வக்கீல் சொன்னது அண்ணாச்சியைப் பற்றியது. அதே சட்டத்தின் 46-வது பிரிவு: தன் நிலத்தில் கஞ்சா சட்டவிரோதமாகப் பயிரிடப்பட்டிருந்தால், நிலத்துக்காரர் உடனே போலீசுக்கோ, உரிய துறை அதிகாரிக்கோ தகவல் சொல்ல வேண்டும். தெரிந்தே சொல்லாமல் விட்டால் அவருக்கும் தண்டனை உண்டு.

பட்டா அண்ணாச்சி பெயரில் இருக்கிறது. மோட்டார் ரூம் கதவைத் திறக்கும்வரை அவர் வெறும் அப்பா. திறந்த பிறகு, சட்டத்தின் கணக்கில், சொல்லவேண்டியதைச் சொல்லாத நிலத்துக்காரர்.

குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்று நம் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதில் கணவனுக்கும் மனைவிக்கும் மட்டும் விலக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். பெண்டாட்டி புருஷனை ஒளித்துவைக்கலாம். அப்பா மகனை ஒளித்துவைக்கக் கூடாது!

இந்த இடத்தில் உங்களுக்கு மனுநீதிச் சோழன் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. திருவாரூரில் கல்தேரைப் பார்த்திருப்பீர்கள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. நீதி என்றால் நமக்கு அதுதான் அளவுகோல். பெற்ற மகனென்றும் பாராமல் தேர்க்காலில் இட்டவர். பெரியபுராணக் கதைப்படி, கடைசியில் சிவபெருமான் தோன்றி, கன்று, மந்திரி, மகன் மூவரையும் எழுப்பிக் கொடுத்துவிட்டார். ராயகிரியில் அந்த வசதி கிடையாது. போலீசுக்குச் சொன்னால் சொன்னதுதான். வழக்கு, ஜாமீன், வாய்தா... மகன் எந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாலும் அந்த ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடிக்கவேண்டிய வாழ்க்கை.

அந்தப் பக்கம் சீனத்தில் கன்பூசியஸ் நேர் எதிராகச் சொன்னார். ஒரு பிரபு அவரிடம் வந்து, ‘எங்கள் ஊரில் ஒருவன் எவ்வளவு நேர்மையானவன் தெரியுமா? அப்பா ஆட்டைத் திருடியபோது அவனே சாட்சி சொன்னான்’ என்று பெருமைப்பட்டாராம். ‘எங்கள் ஊரில் நேர்மை வேறு மாதிரி. அப்பாவுக்காக மகனும் மகனுக்காக அப்பாவும் மறைப்பார்கள், நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது’ என்ற பொருளில் பதில் சொன்னார் கன்பூசியஸ். பிற்காலத்தில் சீனாவின் தாங் வம்சச் சட்டம், தேசத்துரோகம் போன்ற பெரிய குற்றங்கள் தவிர மற்றவற்றில் உறவினர்கள் ஒருவரையொருவர் மறைப்பதைத் தண்டிக்கவில்லை. இன்றைய ஜெர்மனியிலும், நெருங்கிய உறவினரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற உதவியவருக்குத் தண்டனை இல்லை. ரத்த பாசத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்று சில சட்டங்கள் முடிவெடுத்துவிட்டன.

சோழனா, கன்பூசியஸா? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள்தான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. சோழன் தானாகப் போய் மகனைத் தண்டிக்கவில்லை. முதலில் ஒரு பசு வந்து மணியடித்தது. அதன் கன்று செத்திருந்தது. யாருக்கோ இழப்பு, யாருடைய கண்ணிலோ நீர். அதற்குத்தான் அந்த நீதி.

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். “அண்ணாச்சி, இந்த விஷயத்துல மணியடிக்கிறதுக்கு யாராவது இருக்காங்களா?”

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, “அந்தக் காலி பாட்டிலை நான் கேக்கவே இல்லை தம்பி” என்றார்.

கேட்டார். ‘ஃப்ரெண்டுக்குக் கொடுத்தேன்’ என்றான் மகன். எந்த ஃப்ரெண்டு? தோண்டித் துருவியதில் வந்தது: அண்ணாச்சியின் காயப்போடும் களத்தில் பல வருடங்களாகச் சாக்குத் தைக்கிற தொழிலாளியின் மகன். பதினேழு வயது. பிளஸ் டூ. ‘அண்ணே அண்ணே’ என்று பைக்கின் பின்சீட்டில் சுற்றிக்கொண்டிருந்த பையன். சில மாதமாக அவன் ராத்திரி தூங்குவதில்லை. பள்ளிக்கூடம் போவதில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறான். வீட்டில் காற்று கருப்பு என்று நினைத்து, வேப்பிலை அடித்து, சங்கரன்கோவில் புற்றுமண் பூசி, கடன் வாங்கிக் கோயில் கோயிலாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சியே அதற்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார்!

இதோ பசு. பாவம், அதற்கு மணி எங்கே தொங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது பையனின் வாதத்துக்கு வருவோம். ‘என் செடி, என் உடம்பு.’ ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே கிட்டத்தட்ட இதைச் சொல்லிவிட்டார். அடுத்தவனுக்குக் கெடுதி இல்லாதவரை ஒருவனைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமை இல்லை என்று. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்கு பி.காமில் சொல்லித்தந்தது ஒன்று உண்டு. இரட்டைப் பதிவு. ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று விழுந்தே தீரும். ‘எனக்குச் சந்தோஷம், யாருக்கும் நஷ்டமில்லை’ என்று எவனாவது ஒரு பக்கம் மட்டும் எழுதிக் காட்டினால், ஆடிட்டர் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எதிர்ப்பதிவு எங்கே?’

பையனின் கணக்கில் எதிர்ப்பதிவு பட்டாவில் இருக்கும் அப்பாவின் பெயரில் விழுந்திருக்கிறது. அவரை அவன் கேட்கவில்லை. அடுத்தது சாக்குத் தைப்பவரின் வீட்டில் விழுந்திருக்கிறது. அவர்களையும் கேட்கவில்லை. அவன் உதாரணம் காட்டிய ஜெர்மனியிலேயே, வீட்டில் வளர்த்ததை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் எட்டாதபடி பத்திரமாக வைக்க வேண்டும். மூன்று செடி என்பது மட்டும் அவன் கண்ணில் பட்டது. அடுத்த வரி படவில்லை!

அதே இரட்டைப் பதிவு அப்பாவுக்கும்தான். மகனை மறைக்கலாமா என்ற கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில் இவ்வளவுதான்: மறைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை நாமே கொடுக்கிறவரை அது பாசம். அடுத்தவன் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் அதன் பெயர் வேறு. அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டிருந்தால், என்ன வியாதி என்றே தெரியாமல் ஒரு குடும்பம் வேப்பிலையோடு அலையும். ஒருவேளை போலீஸ் மோப்பம் பிடித்தாலும், ஜீப் முதலில் நிற்கப்போவது தோட்டக்காரர் வாசலிலா, சாக்குத் தைப்பவர் வாசலிலா? உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சி என்ன செய்தார்?

போலீசுக்குப் போகவில்லை. பாட்டிலில் இருந்ததை எரித்தால் ஊருக்கே மணக்கும் என்று எருக்குழியில் கொட்டிச் சாணியோடு மிதித்துவிட்டார். ‘தடயத்தை அழிப்பதும் குற்றம்தான்’ என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். சட்டப்படி அண்ணாச்சி சுத்தமானவர் இல்லை. அதை நான் நியாயப்படுத்தவும் போவதில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே மகனைக் கூட்டிக்கொண்டு சாக்குத் தைப்பவரின் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்குள் அவர் அதுவரை போனதே இல்லையாம். அவர்கள் பதறிப்போய் நாற்காலி தேட, வேண்டாமென்று திண்ணையில் உட்கார்ந்து, “உங்க பையனுக்குக் காத்து கருப்பு எதுவும் இல்லைய்யா. எம் பையன் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றிருக்கிறார். மகனையும் தன் வாயால் சொல்ல வைத்திருக்கிறார். அவர்கள் நினைத்தால் அந்த நிமிடமே போலீசுக்குப் போயிருக்கலாம். அந்தத் துருப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வந்தார்.

மறுநாள் எல்லோருமாகப் பையனை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். வளரும் வயதில் அடிக்கடி கஞ்சா பயன்படுத்துகிறவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘இந்தப் பையனுக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்’ என்றாராம் மருத்துவர். செலவை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டார். மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் இப்போது தூங்குகிறான். தேர்வை அடுத்த வருடம் எழுதப்போகிறான்.

இத்தோடு முடித்தால் சினிமா. நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். சாக்குத் தைப்பவர் போலீசுக்குப் போகவில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டார். “மொதலாளி, நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். ஆனா உங்க களத்துல உக்காந்து இனி என்னால ஊசி பிடிக்க முடியாது” என்று சொல்லிவிட்டு வேறு களத்துக்குப் போய்விட்டார். முன்பணமாக வாங்கிய ஐயாயிரத்தைத் தவணையில் திருப்பிக் கொடுக்கிறார். வேண்டாமென்று அண்ணாச்சி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

“நான் செஞ்சது சரியா தம்பி?” என்று போன வாரம்கூடக் கேட்டார் அண்ணாச்சி. சட்டப் புத்தகத்தைக் கேட்டால் தப்பு என்று சொல்லும். நான் சரி என்று சொன்னால், நாளைக்கு ஒவ்வொரு அப்பாவும் இதையே சாக்காக வைத்து மகனை மறைப்பார், திண்ணைக்கு மட்டும் போகமாட்டார். அதனால் ‘பாதி சரி’ என்றேன். சிரித்தார். “சங்கரநாராயணர் சாமி மாதிரி பாதிப் பாதியா? அப்படியே இருக்கட்டும்” என்றார்.

மகன் இப்போது அப்பாவோடு களத்துக்கு வருகிறான். சாக்குத் தைக்க ஆள் கிடைக்காத நாட்களில் அவனே ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருகிறான். இலையை எப்போது புரட்ட வேண்டும், எப்போது அள்ள வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லையாம்.

உங்கள் வீட்டிலும் யாரும் திறக்காத ஓர் அறை இருக்கலாம். திறக்கும் நாள் வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காலியாக இருக்கும் பாட்டிலைப் பற்றியும் கேளுங்கள்.